வெற்றிலைக் கறை

என் அத்தைக்குள் யாரோ ஓர் ஆம்பளை குடியேறிவிட்டான் என்று நான் முடிவுகட்டியபோது எனக்கு எட்டு வயது. றக்வானவுக்கு மேலே மலைத்தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தைக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. உடம்பு மட்டும் பெருத்துக்கொண்டே போனது. தின்றே பெருக்கிறாள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் குறைவாகச் சாப்பிட்டதே அவள்தான். ஒருநாள் விடியலில் முன்திண்ணையான இஸ்தோப்பின் சுவரில் கண்ணாடித் துண்டைச் சாய்த்துவைத்து, அப்பாவின் பிளேடால் அத்தை தாடையை மழிப்பதைப் போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன். கண்ணாடி வழியே அவளும் என்னைப் பார்த்தாள்.

மாதத்தில் மூன்று நாள் அவள் வீட்டுக்குத் தூரமாகி, இஸ்தோப்பு மூலையில் தனித்தட்டோடு இருப்பாள். ஒரு நாள்கூடப் பிசகாது. அப்படியொரு காலையில், அத்தை மறந்துவிட்டுப் போன சவர்க்காரத்தைக் கொடுத்துவர அம்மா என்னைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு அனுப்பினாள். துவைக்கும் பெண்களுக்கிடையே அத்தை இல்லை. மேலே, பனிமூட்டத்தில் பாதி மறைந்த தேயிலைச் செடிகளுக்கு நடுவே குந்தியிருந்தாள். மடியில் வெள்ளைத் துணி. வாய் நிறைய வெற்றிலையை மென்று, சொட்டுச் சொட்டாக அதில் துப்பி, விரலால் தேய்த்தாள். வாயோரம் சிவப்பு வழிந்தது. பிறகு கீழே இறங்கிப்போய், எல்லோரும் பார்க்க அந்தத் துணியைத் துவைத்தாள். தண்ணீர் சிவந்து ஓடியது. சவர்க்காரத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். செய்வினை வைப்பவர்கள் துணியில்தான் வைப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஓப்பநாயக்கவிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எனக்கு டொஃபி கொடுத்தார். டொஃபி கொடுத்தவரைக் காப்பாற்றாமல் விடலாமா? கை கழுவ வெளியே வந்தவரிடம் சொல்லிவிட்டேன்.

"எங்க அத்தைக்குப் பேய் புடிச்சிருக்குங்க. தூரமானா வெத்தலை எச்சியத் துணியில துப்பித் தொவைக்கிறாங்க."

அவர் பயப்படவில்லை. "துணியில வேற கறை இருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்க, வெள்ளையாத்தான் இருந்துச்சு."

உள்ளே போனவர் அத்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்துபோனார்கள்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து தகவல் வரவில்லை. அத்தை முழுகாமல் இருக்கிறாள் என்ற பேச்சுத்தான் வந்தது. பத்து மாதம் லயமே அந்த வயிற்றைப் பார்த்துக் காத்திருந்தது. பிள்ளை பிறக்கவில்லை, வயிறும் வற்றவில்லை. பேய் தின்றுவிட்டது என்றார்கள். அவள் பீலிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள்.

போன வருடம், எனக்கு மாதம் தப்பிக்கொண்டே போனதால், இரத்தினபுரியில் ஒரு டாக்டர் என்னை ஸ்கேன் செய்து பார்த்தார். சூலகத்தில் நீர்க்கட்டிகள், அதனால்தான் மாதவிடாய் நின்றுபோகிறது, உடம்பு போடுகிறது, முகத்தில் முடி வளர்கிறது, மருந்து இருக்கிறது என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். மாதம் வராத பெண்ணை யார் கட்டுவார்கள்? வராததை வந்ததாகக் காட்டத்தான் அத்தை வெற்றிலை மென்றாள். எடுத்துச்சொல்ல அவளுக்கு ஒரு டாக்டர் இருக்கவில்லை. காட்டிக்கொடுக்க நான் இருந்தேன்.

பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்துபோன அன்று சாயங்காலம் அத்தை என்னைத் திட்டவில்லை. நான் அந்த அம்மாவிடம் பேசியதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். பக்கத்தில் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டாள்.

"ஒனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சா?"

தலையாட்டினேன்.

"எனக்குந்தான்" என்றாள்.

அத்தைக்கும் அந்தப் பேயிடம் பயம் என்று நினைத்தேன். ஓடிப்போய்ச் சாமி படத்தடியிலிருந்து திருநீறு அள்ளிவந்து, அவள் நெற்றி நிறையப் பூசிவிட்டேன்.