அஞ்சலின் போட்ட பெரட்டு

பதினொன்று. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில், ஒரு பாய் விரித்தால் நிறைந்துபோகும் தொழிலாளர் வரிசைவீடான ஒரு லயத்துக் குசினியில், அன்றைக்கு அஞ்சலினைத் தவிர்த்து அடைந்து நின்றவர்கள் பதினொரு பேர்.

அஞ்சலின் பதுளை டவுனில் ஒரு பாத்திரக் கடையின் ஆள். வீடு வீடாகப் போய்ச் சமைத்துக் காட்டுவது அவள் வேலை. அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் கொழுந்து பறித்தவள். கூடைக் கயிறு இழுத்து இழுத்துக் கழுத்து போன பிறகு, மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலையிலிருந்து கூடை இறங்கியது, தோளில் பாத்திரப் பை ஏறியது. உழைப்பவளுக்குக் கிடைக்கும் விடுதலை பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும்.

அவள் விற்றதில் அதிகம் போனது பிரஷர் குக்கர். அவள் பயந்ததும் அந்தக் குக்கருக்குத்தான். சின்ன வயதில் பக்கத்து லயத்தில் ஒரு குக்கர் மூடி கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போனதைப் பார்த்தவள். தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக வானம் தெரிந்தது இன்னும் அவள் கண்ணில் நிற்கிறது. இதைக் கடைக்காரரிடம் அவள் சொன்னதில்லை. பயப்படுகிறவளை யார் வேலைக்கு வைப்பார்கள்?

அந்தப் பயம்தான் அவளுக்குப் பாத்திரம் அடுக்கச் சொல்லிக்கொடுத்தது. பெரிய சட்டிக்குள் நடுச்சட்டி, நடுச்சட்டிக்குள் சின்னது, இடையில் பத்திரிகைத்தாள். கண்ணாடி மூடி அவளுடைய சுவெட்டருக்குள். குக்கர் தனிப் பையில், மடியில். விசில் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில். அடுப்பில் வைக்கும் முன் மூடியைத் தூக்கி, விசில் உட்காரும் துளை வழியாக ஒரு கண்ணால் பார்ப்பாள். வெளிச்சம் தெரிந்தால்தான் அடுப்பு.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. ஆட்டோவின் பக்கத்துச் சீலை கிழிந்திருந்ததால் தாளெல்லாம் கூழாகிப்போனது. குக்கரும் மூடியும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. பைக்கு அடியில் அவளுடைய பழைய படங்கு கிடந்தது. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற சாக்கு அது. அதைக் கிழித்து மூடிக்குக் கீழே திணித்தாள்.

ஆட்டோ ஓட்டிய ஸனூஸ் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "என்னக்கா, குக்கருக்கும் படங்கு கட்டி மலைக்கு அனுப்பப் போறீங்களா?"

"வாய மூடிக்கிட்டு ரோட்டப் பாருப்பா. அங்க மண்ணு சரிஞ்சு கெடக்கு."

பாதி ரோடு பள்ளத்துக்குப் போயிருந்தது. மிச்சப் பாதியில் ஆட்டோ சாய்ந்து ஊர்ந்தது. அவள் குக்கரைப் பிள்ளையைப்போல இறுக்கிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள்.

அன்றைக்குச் சமைத்துக் காட்ட வேண்டிய கலாராணி வீட்டுக் குசினியில் கூட்டம் காத்திருந்தது. கரண்ட் இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு மாரியாயி நின்றாள். அஞ்சலின் மூடியைத் தூக்கித் துளையைப் பார்த்தாள். வெளிச்சம் தெரிந்த மாதிரி இருந்தது. தெரிந்த மாதிரிதான். மாரியாயியைத் தள்ளி நிற்கச் சொல்லி இன்னொரு தடவை பார்த்திருக்கலாம். பிள்ளைகள் பசியில் சிணுங்கின, பார்க்கவில்லை.

பருப்பைப் போட்டு மூடி, கடைப்பாடத்தை ஒப்பித்தாள். "விசில் அடிச்சதும் அடுப்பக் கொறைக்கணும். அவசரம்னா அணைச்சிட்டு, கரண்டி நுனியால விசில லேசாத் தூக்குங்க. ஆவி போயிரும்."

எல்லாரும் விசிலுக்குக் காத்திருந்தார்கள். விசில் வரவில்லை.

"ஒங்க குக்கரு ஊமையா அஞ்சலினக்கா?" என்றாள் விஜயலெட்சுமி.

"தோட்டத்துத் தொரையக் கண்டுருச்சு போல. அதான் வாயத் தொறக்கல," என்றாள் மாரியாயி. குசினியே சிரித்தது.

அஞ்சலின் சிரிக்கவில்லை. மூடியின் கைப்பிடி இடுக்கில் பழுப்பாக ஒரு நார் ஒட்டியிருந்தது. படங்கு நார். அங்கே ஒன்று இருந்தால் துளைக்குள்ளே எத்தனை? எட்டி அடுப்பை அணைத்தாள். அடுப்பு அணைந்தது உள்ளே அடைபட்ட ஆவிக்குத் தெரியாது. குக்கர் மெல்ல நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் வெளியில போங்க."

"மழையிலயா? பருப்பக் காட்டாம ஏமாத்தப் பாக்குறீங்களா?" ஒருத்தியும் நகரவில்லை. ஒரு பிள்ளை குக்கரைத் தொட்டுப்பார்க்கக் கை நீட்டியது.

அஞ்சலினின் அப்பா யேசுரத்தினம் கொழுந்துக் கங்காணி, பறிக்கிறவர்களை மேற்பார்க்கிறவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் அவள். எங்கிருந்து வந்தது என்று தெரியாது, அந்தச் சத்தம் வந்தது. பெரிய சட்டியைக் கவிழ்த்துக் கரண்டியால் அறைந்தாள்.

"பெரட்டு! வெளிய வந்து நெரையா நில்லு! வராதவளுக்கு இன்னிக்குப் பேர் இல்ல!"

பேர் இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. இந்த மலையில் அந்தச் சொல்லுக்கு மனசு யோசிக்கும் முன்னே கால் ஓடிவிடும். பிள்ளைகளை இடுப்பில் இழுத்துப் போட்டுக்கொண்டு பெண்கள் வாசலுக்குப் பாய்ந்தார்கள். கொட்டுகிற மழையில், லயத்து முற்றத்தில், பழகிய நிரையில் நின்றார்கள். விஜயலெட்சுமி தலையில் மழைக்குப் போர்த்தும் கொங்காணிகூட இல்லை.

அஞ்சலின் விரல் நீட்டி எண்ணினாள். பத்து.

மறுபடியும் எண்ணினாள். பத்துதான்.

"கலாராணி எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. அஞ்சலினுக்குத் தெரிந்துவிட்டது. கலாராணி பாடத்தைக் கவனமாகக் கேட்டவள். அடுப்பு அணைந்துவிட்டது. அடுத்தது கரண்டி.

உள்ளே ஓடினாள். கலாராணி குக்கருக்கு நேர் மேலே முகத்தை வைத்துக்கொண்டு, கரண்டி நுனியால் விசிலை நெம்பிக்கொண்டிருந்தாள்.

"வரமாட்டேங்குதேக்கா..."

அஞ்சலின் அவள் கொண்டையைத்தான் பிடித்தாள். கைக்கு அகப்பட்டது அதுதான். இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் வாசற்படியில் விழுந்தார்கள். அப்போது குக்கர் மூடியின் பாதுகாப்பு அடைப்பு பிய்த்துக்கொண்டது. வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். கொதிக்கிற பருப்பு தகரத்தில் மோதி, கலாராணி நின்றிருந்த இடத்தில் மழையாக இறங்கியது.

முற்றத்தில் நிரை கலையவில்லை. கலாராணி தட்டுத்தடுமாறி எழுந்து, அவிழ்ந்த முடியோடு, அழுதுகொண்டே கடைசி ஆளாக நிரையில் போய் நின்றாள். கையில் கரண்டி இன்னும் இருந்தது.

அஞ்சலின் தன் கண்ணை நம்பவில்லை. ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள், இடுப்பிலிருந்த பிள்ளைகளையும் சேர்த்து.

பதினொன்று.