நடுப் பக்கத்துப் படம்

எங்க கல்யாணம் திருத்தணி மலை மேல நடந்தது. வைகாசி மாசம், பெரிய முகூர்த்தம். ஒரு ஜோடி எழுந்தா அடுத்த ஜோடி உட்கார்ந்தது. ஃபோட்டோக்காரர் ரெண்டு கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டு இங்கயும் அங்கயும் ஓடினார். ஃபிலிம் ரோல் போட்டு எடுக்கிற காலம். அவசரத்தில் ரோல் முழுசா சுத்துறதுக்குள்ள கேமராவைத் திறந்துட்டார். வெளிச்சம் பட்டு கொஞ்சம் படம் வெளுத்துப் போச்சு. போனது பூரா தாலி கட்டுற படம்.

இது எங்களுக்கு ஆனி மாசம்தான் தெரிஞ்சது.

அதுவரைக்கும் நான் வீட்டுக்குள்ளதான் இருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அரக்கோணத்தில் ஒரு கடையில் வேலை. காலை ரயிலுக்குப் போனா இருட்டித்தான் வருவார். அத்தை, அதாவது அவரோட அம்மா, வெளியே கிளம்பினா என்னை உள்ளே வச்சு வெளிப்பக்கம் பூட்டிக்கிட்டுப் போவாங்க. மார்க்கெட்டுக்குப் போனாலும் பூட்டு. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய் சாயங்காலம் திரும்பினாலும் பூட்டு. ஜன்னலில் தெரு தெரியாது. பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். அவர்கிட்ட சொன்னேன். "அம்மா அப்படித்தான்" என்றார்.

அடி உதை கிடையாது. சோறு இருந்தது. வெளியே சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லை. அதுதான் கஷ்டம்.

என் அம்மா ஒரு தரம் பார்க்க வந்தது. அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாங்க. ஒண்ணும் சொல்ல முடியலை.

ஆடி வந்தா புதுப்பொண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பணும். எங்க வீடு பொதட்டூர்பேட்டையில். போனதும் சொல்லிடணும், நான் திரும்பிப் போகலைன்னு. இதை மட்டும் பிடிச்சுக்கிட்டு நாளைத் தள்ளினேன்.

ஆல்பம் பார்க்க ஸ்டுடியோவில் கூப்பிட்டாங்க. அத்தை, அவர், நான், மூணு பேரும் போனோம். மாடியில் ஒரு ரூம். மேசை மேல சாம்பிள் ஆல்பம் அடுக்கி இருந்தது. எல்லாம் யாரோ மாப்பிள்ளை, யாரோ பொண்ணு. ஒண்ணில் தாமரைக்குள்ள ரெண்டு மூஞ்சி. ஒண்ணில் சங்குக்குள்ள.

"இதுக்குப் பேரு மிக்ஸிங்கும்மா. மெட்ராஸ் லேப்ல போட்டு வரும்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"பாப்பாவுக்கு இன்னா புடிச்சிருக்குது?" என்று என்னைக் கேட்டார்.

"அதுக்கு இன்னா தெரியும்? நீ என்கிட்ட காட்டு" என்றாங்க அத்தை.

மயில் போட்ட வெல்வெட் அட்டையை எடுத்தாங்க. தாமரையும் வேணும், சங்கும் வேணும்னாங்க. கழுவின படத்தையெல்லாம் மேசையில் பரப்பி, இது இருக்கட்டும், இது வேணாம்னு ஒதுக்கினாங்க. எல்லாத்திலயும் நான் தலையைக் குனிஞ்சிருந்தேன். கண் வீங்கி இருந்தது. ஆல்பத்தில் நடுப் பக்கம் பெரிசு. விரிச்சா ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம். அது தாலி கட்டுற படத்துக்கு.

"அது எங்க?" என்றாங்க.

ஸ்டுடியோக்காரர் தலையைச் சொறிஞ்சார். "லைட் அடிச்சிடுச்சிம்மா. மாலை மாத்தறத நடுவுல வச்சிடலாம். சூப்பரா வந்துருக்குது."

"மாலைய யாருக்கு வோணா போடறாங்க. கட்சிக்காரனுக்குக்கூடத்தான் போடறாங்க. பாக்கறவங்க இன்னா கேப்பாங்க? தாலி கட்டாமலே இட்டுக்கினு வந்தாங்களான்னு கேக்க மாட்டாங்க?"

ஸ்டுடியோக்காரர் மெதுவா, "இங்கியே இன்னொரு தரம் எடுத்துடலாம்மா. காசு ஒண்ணும் தர வேணாம்" என்றார்.

"தாலியக் கழட்டணுமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வாயக் கழுவுடா! கழட்டறானாம். அது பாட்டுக்குக் கழுத்துல இருக்கட்டும், ரவிக்கைக்குள்ள தள்ளிக்கட்டும். வேற மஞ்சக் கயிறு புடி. முடி மட்டும் போட்டுடாத. போட்டா அதுவும் தாலி ஆயிடும்."

"முடி வேணாம்மா. சும்மா புடிச்சா போதும்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சுடு. ஆடியில பொய்க்குக்கூட தாலி கிட்ட போவக் கூடாது." என் பக்கம் திரும்பினாங்க. "ஆல்பம் வந்ததும் அத எடுத்துக்கினு உங்கம்மா வூட்டுக்குப் போ. அங்க நாலு பேர் பாப்பாங்க இல்ல."

"வரலைன்னா?" என்றேன்.

"வந்தா போவ."

அதுக்கப்புறம் எனக்கும் அந்தப் படம் வேணும்.

வழியில் அத்தை ஒண்ணு சொன்னாங்க. "இது உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம். ரெண்டாந்தரம் கயிறு புடிச்சாங்கன்னு தெரிஞ்சா அதுக்கு உசுரே போயிடும்."

அது நிஜம். என் அம்மா தாலிக்கயிறு மாத்தும்போது யாரையும் பேச விடாது. பூனை குறுக்கே வந்தாலே எழுந்துடும். அப்பாவை நாங்க நைனான்னுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு மார்வலி வந்ததில் இருந்து இந்த விஷயத்தில் ரொம்ப பயம்.

அடுத்த வாரம் அதே கூறைப்புடவையைக் கட்டிக்கிட்டு ஸ்டுடியோ போனோம். சுவரில் சிவப்புத் துணி. எனக்கு மாலை, அவருக்கு மாலை. பின்னால விளக்குப் பிடிக்க நாத்தனார் வேணும். என் நாத்தனார் பெங்களூரில் இருந்தாங்க. கீழே டைலர் கடை வச்சிருந்த அக்காவைக் கூட்டி வந்தாங்க.

"மூஞ்சி வராதுக்கா, கை மட்டும்தான் வரும்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"அப்ப வளையல மாத்திக்கினு வந்துருப்பேனே. முன்னாடியே சொல்றதில்ல?"

அத்தை அட்சதையை ஒரு பிடி எடுத்து ரெண்டு ரெண்டு அரிசியா போட்டாங்க. அவர் கயிறைப் பிடிச்சுக்கிட்டு என் கழுத்துக்கிட்ட கையைக் கொண்டுவந்தார். கை நடுங்கினது.

"தலையத் தூக்கும்மா. கொஞ்சம் சிரி."

தூக்கினேன். சிரிப்பு வரலை. ஸ்டுடியோக்காரர் ஃபிளாஷைச் சரி பண்ணிக்கிட்டு காத்துக்கிட்டு நின்னார்.

பின்னால இருந்து டைலர் அக்கா, "இன்னா சார் இப்படி நடுங்கற? மொத தரம் கட்டினது இறுக்கமா இல்லியா? நான் வேணா மிஷின்ல ஒரு தையல் போட்டுத் தரட்டா?" என்றாங்க.

நான் சிரிச்சுட்டேன். நிஜமாவே சிரிச்சேன். கல்யாணம் ஆகி அதுதான் முதல் தடவை. அப்போ ஃபிளாஷ் அடிச்சது.

ஆல்பம் வந்தது. கனம். பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் மடியில் வச்சுக்கிட்டுப் போனேன். அவர் என்னைக் கொண்டுவந்து விட்டுட்டு, சாப்பிட்டுக் கிளம்பினார்.

எங்க வீட்டில் நெசவு. என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்திட்டாங்க. அம்மா தார்க்கட்டையில் நூல் சுத்துறதை விட்டுட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரங்க வந்தாங்க. அம்மா ஒவ்வொரு பக்கமா திருப்பினது. நடு வந்தது. எல்லாரும் "ஆ" என்றாங்க. அம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிச்சு.

எல்லாரும் போனப்புறம் அடுப்பங்கரையில் சொன்னேன். "அம்மா, நான் அங்க போகல."

"இன்னாடி? அடிக்கிறாரா?"

"இல்ல."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"பின்ன இன்னா?"

"அத்தை வெளிய போனா வூட்டப் பூட்டிக்கினு போறாங்க."

"புதுப்பொண்ணத் தனியா விடுவாங்களா? பத்திரத்துக்குப் பூட்டறாங்க."

"தெனமும்மா."

அம்மா எழுந்து போய் ஆல்பத்தை எடுத்து வந்து நடுப் பக்கத்தை விரிச்சது.

"கல்யாணத்தன்னிக்கு நீ அழுதுகினே இருந்த. புடிக்காத எடத்துல தள்ளிட்டமோன்னு ரெண்டு மாசமா எனக்குச் சோறு எறங்கல. தாலி கட்டும்போது கூட்டம் மறச்சிடுச்சி, உன் மூஞ்ச நான் பாக்கல. இன்னிக்குத்தான் பாத்தேன். புடிக்காதவ தாலி ஏறும்போது இப்படிச் சிரிப்பாளாடி?"

அது பொய்ப் படம். வாய் வரைக்கும் வந்தது. பொய்னா எப்படின்னு அம்மா கேட்கும். எப்படின்னு சொன்னா, ரெண்டாவது கயிறைச் சொல்லணும். அம்மா ஒரு கையால படத்தைத் தடவிக்கிட்டு இருந்தது. இன்னொரு கை அதோட தாலியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது.

"சொல்லுடி."

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

"ஒரு வருசம் போனா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிட்டு எனக்குச் சோறு போட்டது. அதுவும் சாப்பிட்டது. நல்லா சாப்பிட்டது.

ஆடி முடிஞ்சு அவர் கூட்டிப் போக வந்தார். அம்மா அவர்கிட்ட ஒண்ணுதான் கேட்டது. "அந்த நடுப் படத்த மட்டும் பெருசா போட்டுக் குடுங்க மாப்ள. வூட்ல மாட்டி வைக்கறேன்." ஃபிரேம் போட்டுக் கொண்டுவந்து குடுத்தார்.

அப்புறம் புள்ளைங்க பிறந்தாங்க. அத்தைக்கு முழங்கால் போச்சு. வெளியே போறது நின்னது, பூட்டும் நின்னது. அத்தையும் நானும் வீட்டுக்குள்ளேயே இருந்தோம்.

அம்மா வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்தப் படத்தைத்தான் காட்டும். "எம் பொண்ணு சிரிப்பப் பாரு" என்னும். வந்தவங்க படத்தைப் பார்ப்பாங்க, என்னைப் பார்ப்பாங்க. நான் "ஆங்" என்பேன்.