ஏரிக்குக் கொண்டுபோன தண்ணீர்க் கான்

கடந்த கோடையில் ஒரு சனிக்கிழமை. இங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு நின்றபோது வெக்கை தாங்க முடியவில்லை. அந்த இடத்திலேயே, மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு தொலைவிலுள்ள அன்சி ஏரிக்குப் போவதென்று நானும் கணவரும் முடிவெடுத்தோம். விடியமுன் எழும்பிச் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் கட்டினேன். சாப்பிட்டால் கை கழுவ வேண்டுமே என்று மூடி போட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் கானில் தண்ணீரும் நிரப்பினேன்.

"ஏரிக்குப் போறதுக்கு ஆரும் தண்ணி காவுவினமே? வெக்கமாக் கிடக்கு," என்று அவர் வழிநெடுகப் புறுபுறுத்தார்.

ஏரிக்கரையில் சாப்பிட்டு முடித்ததும் சட்டையைக் கழற்றினார்.

"இஞ்சாருங்கோ, சாப்பிட்ட கையோடை இறங்காதையுங்கோ," என்றேன்.

"மன்னார்க் கடலிலை நீந்தினவனுக்கு இந்தக் குளம் ஒரு கணக்கே?" என்று ஏரிக்குள் நீண்டிருந்த மரமேடையிலிருந்து குதித்தார்.

வெயில் எரித்தாலும் அது மலைத்தண்ணீர். மேலே வந்தவருக்கு மூச்சுத் திணறியது, கைகால் விறைத்துவிட்டன. "பப்பா!" என்று மகள் கத்தினாள். எனக்கோ நீச்சல் தெரியாது. கை கழுவி முக்கால்வாசி தீர்ந்திருந்த கான்தான் கையில் அகப்பட்டது. மூடியை இறுக்கி அவர் பக்கம் எறிந்தேன். அதைக் கட்டிப்பிடித்து மிதந்தவரை, பக்கத்தில் நின்ற இருவர் இழுத்து ஏற்றினார்கள். துவாயால் போர்த்திவிட்டேன். பிளாஸ்கிலிருந்த தேநீரை அவர் குடித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது நான் நீச்சல் பழகுகிறேன். அவர் கால் நனைத்து, மெல்ல மெல்லத்தான் தண்ணீரில் இறங்குகிறார். எங்கே புறப்பட்டாலும் அந்தக் கானைக் காரில் முதலில் ஏற்றுபவரும் அவர்தான்.