செவ்வரளிப் பொட்டலம்

பெரியவளே, சின்னவனே, இதை உங்கள் இரண்டு பேருக்காகவும்தான் எழுதுகிறேன். பத்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைக்கிற கை இது. எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தைத் திருத்த வேண்டாம்.

பெரியவளே, வெண்ணந்தூர்ப் பக்கமிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிட்டேன் என்று நீ சொல்கிறாய். நான் மறக்கவில்லை. காபித் தட்டை வைத்துவிட்டு நீ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரப் போனாய். மாப்பிள்ளையின் அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பாத்து உக்காரு கண்ணு. நாற்காலி உங்கூட்டுது. ஒடஞ்சா எங்களச் சொல்லக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் உட்காரவில்லை. அவர்கள் கிளம்புகிற வரைக்கும் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தாய். நான் எழுந்துவிடுவேனோ என்று பயந்து உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் அந்தப் பையன் உன்னோடு போனில் பேசினான். "நல்லாப் பேசறாருப்பா" என்றாய். உன் முகமே வேறாக இருந்தது. ஒருநாள், பக்கவாட்டில் நின்று முழு உயரத்துக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான். நீ அனுப்பினாய். அதோடு அவன் பேச்சு நின்றது. இதைச் சின்னவன்தான் என்னிடம் சொன்னான். பட்டறைக்கு வருகிறவர்கள் பழைய லாரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து விலை பேசுவார்கள். அது இரும்பு, பார்க்கட்டும். நீ என் பிள்ளை.

பிறகு அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகர் வந்தார். சம்பந்தம் பேசினால் கோயிலில் பூக் கேட்பது நம் பக்கத்து வழக்கம். சாமி முன்னால் இரண்டு பொட்டலம் போட்டு, ஒன்றை எடுக்க வைப்பார்கள். உள்ளே இருப்பதைப் பொறுத்துச் சாமி சம்மதிக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வார்கள்.

"மாப்பிள்ள ஊட்டுல சேந்தமங்கலத்துப் பக்கம் கோயில்ல பூக் கேட்டாங்க. சாமி உத்தரவு குடுக்கலீங்க" என்றார் தரகர். "நீங்க சந்தேகப்படக் கூடாதுன்னு விழுந்த பூவையே குடுத்து உட்டுருக்காங்க."

பிரித்துப் பார்த்தேன். ஒற்றைச் செவ்வரளி. சிவப்பு என்றால் வேண்டாம் என்று அர்த்தமாம். உங்கள் அம்மா அதை மறுபடி மடித்துப் பூஜை அலமாரியில் வைத்தாள். சாமி வாக்கைக் குப்பையில் போட அவளுக்குக் கை வரவில்லை.

அன்றிலிருந்து நீ ராச்சாப்பாட்டை விட்டாய். பிறகு காலையிலும் பாதி இட்லி. ஏற்கெனவே நீ வேலை பார்க்கிற சேலத்து ஜவுளிக்கடையில் உன்னைச் சேலைப் பிரிவிலிருந்து எடுத்து, மாடியில் விலைச் சீட்டு ஒட்டப் போட்டிருந்தார்கள். முன்னால் நிற்கிறவர்கள் கொஞ்சம் ஒல்லியாக இருக்க வேண்டுமாம். அங்கே சேலை வாங்க வருகிற பெண்களெல்லாம் கம்பி மாதிரியா வருகிறார்கள்? ஒருநாள் வேலை முடிந்து வரும்போது பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே நர்ஸ் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "எப்படியோ, எளச்சா நல்லதுதான்." பட்டினியில் விழுந்த பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது?

"சாமிக்கே புடிக்கலீன்னா நான் என்னம்மா பண்றது" என்று நீ அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்குச் சாமி மேலேயே கோபம் வந்துவிட்டது. நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கோயிலுக்குப் போனேன்.

பூசாரி விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, பூக் கேட்டுச் சிவப்பு வந்துட்டா, மறுக்காக் கேக்கலாமுங்களா?" என்றேன்.

"என்ன சிவப்புங்க?"

"செவ்வரளிங்க."

துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தச் சாமிக்குச் சிவப்புப் பூவே எடுக்கறதில்லீங்க. வெள்ளப் பூ ஒரு பொட்டலம், வில்வம் ஒரு பொட்டலம். எங்கப்பன் காலத்துலருந்து அதுதான். ஆரு சொன்னாங்க உங்களுக்கு?"

வெளியே வந்து தரகருக்குப் போன் போட்டேன். முதலில் மழுப்பினார். பூசாரி சொன்னதைச் சொன்னதும் வழிக்கு வந்தார்.

"அட உடுங்க. பொண்ணு கொஞ்சம் குண்டா இருக்குதுன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அதான் சாமி மேல போட்டுட்டாங்க. எல்லாம் ஒரு மரியாதைக்குத்தானுங்க."

"ஆருக்குங்க மரியாதை?" என்று கேட்டேன்.

டவர் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது அவர்கள் இஷ்டம். அவர்கள் வீட்டு வாசலில் ஒரு பூவைப் பறித்து, காகிதத்தில் மடித்து, இதுதான் தெய்வ வாக்கு என்று என் வீட்டுக்கு அனுப்பினார்களே. அந்த ஒற்றைப் பூவை வைத்து என் பிள்ளை வாயைக் கட்டிவிட்டார்களே. அவர்கள் கோயில் வாசலையாவது மிதித்தார்களா? மிதித்திருந்தால் சரியான பொய்யாவது சொல்லியிருப்பார்கள்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் உன்னிடம் சொன்னேன்.

"நாற்காலியப் பத்திச் சொன்னப்பவே அவங்களத் தெரிஞ்சுதுப்பா" என்றாய். "சாமியும் அவங்களோட சேந்துக்கிச்சேன்னுதான்..."

அம்மா தோசை ஊற்றினாள். ஒன்றைத் தின்றாய், இரண்டாவதில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டாய்.

மறுநாள் காலையில் நீங்கள் யாரும் இன்னும் எழுந்திருக்கவில்லை. பூஜை அலமாரியைத் திறந்து, விபூதித் தட்டுக்குப் பின்னாலிருந்த அந்தப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பட்டறையை நான்தான் போய்த் திறந்தேன். இரும்புத் தூளும் எரிந்த வெல்டிங் குச்சித் துண்டுகளும் கிடக்கிற குப்பை டிரம்மில் அதைப் போட்டேன். சட்டைப் பையிலும் ஒரு காய்ந்த இதழ் ஒட்டியிருந்தது. பையை வெளியே இழுத்து அதையும் உதறினேன்.