மாதாவின் நிறத்தில் ஒரு கணக்கு

"தங்கச்சி, பாடகர் மாடம் விழப்போகுதாமே?"

காலைத் தேநீர் இன்னும் வாய்க்குள் போகவில்லை. அதற்குள் போன். மறுமுனையில் மரியதாஸ் அண்ணன் – எங்கள் பங்குச் சபையின் செயலாளர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கப்பலில் நிற்பவனோடு கதைத்துப் பழகிய குரல்... போனைக் காதில் வைக்கத் தேவையில்லை, மேசையில் வைத்தாலே கேட்கும்.

"ஆர் அண்ணன் சொன்னது?"

"நீங்கள்தான்! நேற்றுக் குறூப்பில படம் போட்டனீங்களெல்லோ. மாடம் ஏணை மாதிரித் தொங்குது. மூலை செக்கச்செவேல் எண்டு கிடக்கு. ஃபாதர் இன்னும் சாப்பிடேல்ல."

பிழை என்னுடையதுதான். கொம்பியூட்டர் போட்டுத் தந்த அந்தப் படத்தை வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கவே கூடாது.

நான் கட்டடங்களுக்குக் கணக்குப் பார்த்து வயிறு வளர்ப்பவள் என்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கும் இப்போது தெரிந்திருக்கும். தூண் தாங்குமா, குறுக்கே கிடக்கும் வளை வளையுமா, எவ்வளவு வளையும் – இதுதான் என் பிழைப்பு.

திருகோணமலையில் நாங்கள் கட்டடம் கட்டும் முறை உங்களுக்குத் தெரியாததா? முதலில் கட்டுவோம். பெயின்ட் அடிப்போம். பெயர்க்கல் பதிப்போம். திறப்பு விழா நெருங்கும்போது யாராவது ஒருவருக்கு ஞானம் பிறக்கும் – "இதை ஒரு எஞ்சினியருக்கும் காட்டினால் நல்லதுதானே?"

பாடகர் மாடமும் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. கோயில் வாசலுக்கு மேலே, உட்பக்கமாக, இரும்பு வளைகளில் ஒரு தளம். வளைகளின் பின்முனை பழைய சுவரில் ஆணி போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. நடுவில் இரண்டு தூண்கள். தூண்களைத் தாண்டி முன்பகுதி பீடத்தை நோக்கி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. கனடாவில் இருக்கும் ஒருவர் தன் தாயாரின் நினைவாகக் கட்டிக் கொடுத்தது. திருவிழாவுக்கு அவரும் குடும்பமாக வருகிறார்.

மாடம் தேவைதான், மறுக்கவில்லை. எங்கள் பாடகர் குழு இத்தனை காலமும் பக்கவாசலில் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் இருந்துதான் பாடி வந்தது. கரண்ட் போனால் அல்லேலூயாவை ஜெனரேற்றர்தான் பாடும். குழுவை நடத்தும் பெனடிக்டா ரீச்சர் ஒவ்வொரு திருவிழாவிலும் தொண்டை கட்டி, மறுநாள் சைகையில் பாடம் நடத்துவார். இந்த வருடம்தான் முதன்முறையாக மேலே ஏறப்போகிறார்கள்.

"ஒருக்கா கொம்பியூட்டரில போட்டுப் பாருங்கோ தங்கச்சி" என்றார் மரியதாஸ் அண்ணன், எக்ஸ்ரே எடுக்கச் சொல்வதைப் போல.

போட்டேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிறீர்களா? கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

முழு மாடத்தையும் ஒரே பிடியில் கணக்கிட முடியாது. அதனால் கொம்பியூட்டர் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளும் – திரையில்தான், பயப்படாதீர்கள். பாரத்தை ஏற்றினால் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நகரும்? அதுதான் கேள்வி. ஆனால் எந்தத் துண்டும் தனியாகப் பதில் சொல்லாது. பக்கத்துத் துண்டு நகர்ந்தால்தான் இது நகரும். அது நகர, அதற்குப் பக்கத்தில் இருப்பது நகர வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். பங்குச் சபைக் கூட்டம் மாதிரித்தான். ஒரே வித்தியாசம், இங்கே கடைசியில் விடை வரும்.

நகர்வு தெரிந்தால் எந்தத் துண்டு எவ்வளவு இழுபடுகிறது, எவ்வளவு நெரிபடுகிறது என்பதும் தெரிந்துவிடும். அதைத்தான் தகைப்பு என்கிறோம். கூடிய தகைப்புக்குச் சிவப்பு. குறைந்ததற்கு நீலம்.

மரியதாஸ் அண்ணனின் போன் வந்த அன்று மாலையே அவசரக் கூட்டம். ஃபாதர், மரியதாஸ் அண்ணன், சபை உறுப்பினர்கள், ஓரமாகப் பெனடிக்டா ரீச்சர். நான் மடிக்கணினியைத் திறந்துவைத்து வகுப்பெடுத்தேன்.

முதலாவது, அந்தத் தொங்கல். உண்மையான நகர்வு ஒரு பிஸ்கட்டின் தடிப்புக்கூட இல்லை. அப்படியே காட்டினால் கண்ணுக்குத் தெரியாது என்பதால் மென்பொருள் அதைப் பல மடங்கு பெருப்பித்துக் காட்டுகிறது.

"எங்கட சனம் மாதிரி" என்றார் ஃபாதர். அவருக்குச் சாப்பாட்டு நினைவு வந்திருக்க வேண்டும், முகம் தெளிந்தது.

இரண்டாவது, சிவப்பு. எவ்வளவு பலமான கட்டடமாக இருந்தாலும் படத்தில் எங்கேயோ ஓரிடம் சிவப்பாகத்தான் இருக்கும். இருப்பதற்குள் கூடியதைச் சிவப்பில் காட்டுவது மென்பொருளின் வழக்கம். அதிலும் இந்தச் சிவப்பு, படிக்கட்டுக்காகத் தளத்தில் வெட்டிய துவாரத்தின் மூலையில் இருக்கிறது. வரைபடத்தில் அது ஊசிமுனைபோலக் கூரான மூலை. அப்படிப்பட்ட மூலையில் துண்டுகளைச் சிறிதாக்கச் சிறிதாக்கத் தகைப்பு ஏறிக்கொண்டே போகும். அதற்கு முடிவே இல்லை. உண்மையான இரும்பில் அவ்வளவு கூர் கிடையாது. அப்படியே கூர் இருந்தாலும் அந்த இடத்தில் இரும்பு ஒரு துளி விட்டுக்கொடுத்துத் தப்பிவிடும்.

நான் துண்டுகளைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி ஒரு வாரம் பார்த்திருந்தேன். நகர்வு ஓரிடத்தில் அடங்கிவிட்டது. மூலைத் தகைப்பு அடங்கவே இல்லை. கணிதம் செய்யும் குறும்பு இது என்று நிரூபித்ததில் எனக்கு அப்படியொரு பெருமை.

"ஆகவே" என்றேன், சாட்சிக்கூண்டில் ஏறியவளைப் போல, "இந்தச் சிவப்பு பொய்."

சபை முழுவதும் மூச்சு விட்டது. மரியதாஸ் அண்ணன் மட்டும் யோசித்தார்.

"பொய் எண்டா பிறகேன் அதைச் சிவப்பில வைப்பான்? மாத்த ஏலாதே?"

மாற்றலாம். அதில் களவு ஒன்றும் இல்லை. இரும்பு தாங்கக்கூடிய எல்லையைச் சிவப்பு என்று வைத்து, அந்தப் பொய் மூலையையும் கணக்கில் எடுக்காமல் விட்டால், மீதிப் படம் முழுவதும் நீலமாகிவிடும்.

"அப்ப நீலத்தில போடுங்கோ தங்கச்சி. மாதாவின்ர நிறமும் அதுதானே."

போட்டுக் கொடுத்தேன். அடுத்த நாளே அதைப் பெரிதாக அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாடிப்படியின் அடியில் மாட்டிவிட்டார். கீழே 'பாதுகாப்பு உறுதிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி. உள்ளே போகும் சிலர் அதைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டார்கள். பார்த்தேன். தடுக்கவில்லை. தன் கணக்கை நாலு பேர் கும்பிட யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஞாயிறு மாலை பாடல் ஒத்திகைக்கு நானும் மேலே ஏறினேன். பிள்ளைகளும் பெரியவர்களுமாகப் பாடகர்கள் வரிசையாகக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். ரீச்சர் பின்சுவரோடு கீபோர்ட்டில். பிளக் அங்கேதான் இருக்கிறது. நான் கணக்கில் வைத்ததும் இப்படித்தான் – தளம் முழுவதும் பாரம் சமமாகப் பரவியிருக்கிறது என்று. பாட்டு அருமையாக இருந்தது. ஜெனரேற்றர் இல்லாமல் எங்கள் குழுவை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன், சத்தியமாகக் கண் கலங்கியது.

அப்போதுதான் கீழே யாரோ பீடத்தின் திரைக்கயிறு சரியாக இழுபடுகிறதா என்று இழுத்துப் பார்த்தார்கள்.

எங்கள் கோயில் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். நவநாட்கள் முழுவதும் மாதா சுரூபத்துக்கு முன்னால் திரை போட்டிருக்கும். திருவிழாவுக்கு முந்திய நாள், வேஸ்பர் மாலை வழிபாட்டில் திரை விலகும்போதுதான் மாதாவை அந்த வருடத்துப் புதுச் சேலையில் பார்க்கலாம். என்ன நிறம், என்ன கரை, யார் வீட்டு உபயம்... அந்த ஒரு நிமிடத்தில் கோயிலில் ஒருவர்கூட இருந்த இடத்தில் இருக்க மாட்டார். நானும் சின்னதிலிருந்து முண்டியடித்தவள்தான்.

திரை அசைந்தது. "சேலை! சேலை!" என்று ஒரு குரல். கதிரைகள் உருண்டன. முழுக் குழுவும் முன்கம்பிக்கு ஓடியது. தூண்களைத் தாண்டி அந்தரத்தில் நீட்டியிருக்கிற அந்த முன்பகுதிக்கு... போன்களைப் பிடித்த கைகள் கம்பிக்கும் வெளியே.

என் காலடியில் தளம் மெல்லத் தாழ்ந்தது.

"சீ, சேலை இன்னும் உடுத்தேல்ல" என்று எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். தளம் பழையபடி நிமிர்ந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ரீச்சர் மட்டும் கீபோர்ட்டை ஊதிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கட்டைகளிலும் கறுப்புக் கட்டைகளிலும் சுண்ணாம்புத் தூள்.

"இது எங்க இருந்து கொட்டுது?" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். பின்சுவரில், தளத்தின் அடியில் வளைகளை இறுக்கிய ஆணிகளின் பக்கமிருந்து மேலே ஏறிய மயிரிழை வெடிப்புகள்.

முன்னால் பாரம் ஏறி, பின்னால் வெறுமையானால் வளையின் பின்முனை மேலே எழும்பப் பார்க்கும். இது இரண்டாம் வருட மாணவனுக்குத் தெரியும். அதைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஆணிகள் மட்டும்தான். ஆணிகளைப் பிடித்திருப்பதோ பழைய சுண்ணாம்புச் சுவர். நான் கொம்பியூட்டரிடம் என்ன சொல்லியிருந்தேன்? 'இந்த முனை அசையாது' என்று ஒரே ஒரு கிளிக்கில் சொல்லியிருந்தேன். அது என்னிடம் 'நிச்சயமா?' என்று திருப்பிக் கேட்கவில்லை. நாம் சொல்வதை அப்படியே நம்பும் ஒரே ஜீவன் அதுதான்!

ஒத்திகை போதும் என்று எல்லோரையும் கீழே இறக்கினேன். மாடத்துக்கு நேர் கீழேதான் திருவிழாவில் கைக்குழந்தைக்காரர்கள் நிற்பார்கள். பிள்ளை அழுதால் சட்டென்று வெளியே போகலாம் என்பதற்காக.

வீட்டுக்கு ஓடிவந்து திரும்பவும் கணக்குப் போட்டேன். இம்முறை எல்லோரும் முன்கம்பியில். சுவர் இளகிய சுவர். மூலைச் சிவப்பு இப்போது ஒரு பொருட்டே இல்லை. நாங்கள் யாரும் திரும்பியும் பாராத பின்சுவர் ஆணிகள்தான் எல்லை தாண்டி எரிந்துகொண்டிருந்தன.

மறுபடி அவசரக் கூட்டம்.

"தங்கச்சி" என்றார் மரியதாஸ் அண்ணன், பொறுமையாக, ஒரு பிள்ளைக்குச் சொல்வதைப் போல. "சிவப்பு பொய் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அந்தச் சிவப்பு பொய், இந்தச் சிவப்பு மெய் என்றேன். என் காதுக்கே அது நல்லாக இல்லை.

"வேஸ்பர் இந்தக் கிழமை. கனடாக்காரர் பிளேன் ஏறியிட்டார். படமும் மாட்டியாச்சு!"

"முன்பக்கத்துக்கு முட்டுக் குடுக்கவேணும் அண்ணன். இல்லாட்டி ஒருத்தரும் மேல ஏறக்கூடாது."

"முட்டோ? நடுக் கோயிலுக்கையோ? வீடியோக்காரருக்கு மறைக்காதே? ஏன், எல்லாரையும் கதிரையில இருக்கச் சொன்னாப் போதாதோ?"

திரை விலகும்போது எங்கள் சனத்தைக் கதிரையில் இருத்திவைக்க யாரால் முடியும்? மரியதாஸ் அண்ணனே சபை வாங்குப்பலகையில் ஏறி நின்று பார்ப்பவர். வாதம் சுற்றிச் சுற்றி வந்தது. ஃபாதர் நெற்றியைத் தடவினார்.

அதுவரை வாய் திறக்காத பெனடிக்டா ரீச்சர் என்னிடம் திரும்பினார்.

"எனக்கு இந்த நிறக் கதை விளங்காது. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. உங்கட பிள்ளை என்ர குறூப்பில பாடினா, அண்டைக்கு மேல விடுவீங்களோ?"

"விடமாட்டன் ரீச்சர்."

"அப்ப நாங்களும் ஏறேல்ல. ஜெனரேற்றருக்குப் பக்கத்திலயே பாடுறம்."

அந்த மாடத்துக்காக அவர் எத்தனை வருடம் காத்திருந்தார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் மடிக்கணினியை மூடிவிட்டேன். என் வகுப்பு எதற்கும் அசையாத சபை அந்த ஒரு வரிக்கு அசைந்தது. கனடாக்காரர் வந்து வெறும் மாடத்தைப் பார்ப்பதா என்ற கவலையும் சேர்ந்துகொண்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கிண்ணியாவில் கட்டட ஒப்பந்தம் எடுக்கும் நிஸார் நானாவுக்குப் போன் போட்டேன். கொங்கிறீற் போடும்போது கொடுக்கும் இரும்பு முட்டுகளைச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு மறுநாளே வந்தார். கீழே பலகை வைத்து முன்விளிம்பை இறுக்கிக் கொடுத்தார்.

"எத்தின நாளைக்கு வேணும்?" என்று கேட்டார்.

"திருவிழா முடியுமட்டும்தான் நானா."

அவர் மாடத்தைப் பார்த்தார். கூடி நின்ற சபையைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு வேற முட்டு வாங்கணும்" என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினார்.

வெறும் இரும்பு அசிங்கமாக இருக்கிறது என்று மரியதாஸ் அண்ணன் அவற்றுக்கு நீலத் துணி சுற்றி வெள்ளைப் பூக்கள் வைத்தார். கனடாக்காரர் வந்து, "தூண்கள் நல்ல வடிவா அமைஞ்சிருக்கு" என்று பாராட்டினார். அண்ணன் பணிவோடு தலை குனிந்தார்.

வேஸ்பர் மாலை. திரை விலகியது. மேலே குழு முழுவதும் கம்பிக்கு ஓடியது. ரீச்சரின் பாட்டு கோயிலை நிறைத்தது. சனம் முழுவதும் மாதாவைப் பார்த்தது. நான் மட்டும் கீழே, பீடத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு அந்த விளிம்பைப் பார்த்தபடி நின்றேன். விளிம்பு அசையவில்லை. என்ன நிறச் சேலை என்று பிறகு போட்டோவில்தான் பார்த்தேன். மாம்பழ மஞ்சள்.

போன வாரம் மரியதாஸ் அண்ணனின் போன்.

"பாத்தீங்களே தங்கச்சி, ஒண்டும் நடக்கேல்ல. மாடம் மயிரளவும் அசையேல்ல."

"முட்டு நிண்டதெல்லோ அண்ணன்."

"அதைத்தான் சொல்லுறன். அசையேல்ல எண்டா பிறகேன் முட்டு? சபை கழற்றச் சொல்லுது."

காய்ச்சல் விட்டுவிட்டது, பிறகேன் மருந்து என்று கேட்பவரிடம் என்ன கதைப்பது? சமன்பாட்டை விட்டுவிட்டேன்.

"கழற்றுங்கோ. ஆனா ஒண்டு – முதல் பாடகர் குழுவை மேல முன்கம்பியில நிப்பாட்டி, சபை முழுக்கக் கீழ வந்து நிண்ட பிறகு கழற்றுங்கோ."

"சபையோட கதைச்சுப் பாக்கிறன் தங்கச்சி" என்றார். முதன்முறையாக மரியதாஸ் அண்ணனைப் போனைக் காதில் வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

நேற்றுக் கோயிலுக்குப் போயிருந்தேன். முட்டுகள் அப்படியே நிற்கின்றன. நீலத் துணியை மட்டும் தோய்க்கக் கொடுத்திருக்கிறார்களாம்.