கேதீஸ்வரியும் அப்போதிக்கரியின் இடது காலும்

பனிச்சங்கேணிப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் ஆண்டு படிக்கும்போது, வாணி விழாவுக்காகக் கேதீஸ்வரி களிமண்ணில் ஒரு சரஸ்வதி செய்தாள். வீணை நன்றாக வந்திருந்தது. அன்னமும் குறை சொல்ல முடியாதபடி கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றது. முகத்தைப் பார்த்த பள்ளிக்கூட அதிபர்தான் குனிந்து இன்னொரு முறை பார்த்தார். அகன்ற தாடை, ஏறிய ஒற்றைப் புருவம், விலை பேச வருகிறவரை அளந்து பார்க்கும் கண்கள். அது சந்தியில் நண்டு விற்கும் பூமணியின் முகம்.

"சரஸ்வதிக்கு என்னத்துக்குப் புள்ள பூமணிர முகம்?"

"எனக்குச் சரஸ்வதியத் தெரியா சேர். பூமணியக்காவத்தான் தெரியும்."

அந்தச் சிலை விழாவில் வைக்கப்படவில்லை. செய்தி கேள்விப்பட்டுப் பூமணியே வகுப்பறைக்கு வந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "என்ட மூக்கு இவ்வளவு பெரிசா புள்ள?" என்று கேட்டாள். கேதீஸ்வரி ஓம் என்று தலையாட்டினாள். பூமணி சிலையைத் தூக்கி, நண்டுக் கூடைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்று கேதீஸ்வரிக்கு நாற்பது கடந்துவிட்டது. வாழைச்சேனையில் துறைமுகத்துக்குப் போகும் வழியில் அவள் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் பள்ளிக்கூட முற்றங்களிலும் சங்கக் கட்டடங்களின் முன்னாலும் அவள் வார்த்த வெண்கல மனிதர்கள் நிற்கிறார்கள். "அவவிட்டக் குடுத்தா உள்ளதுதான் வரும், யோசிச்சுக் குடுங்க" என்று ஊரில் சொல்வார்கள். சிலர் அதைப் புகழ்ச்சியாகவும் சிலர் எச்சரிக்கையாகவும் சொல்வார்கள். அவள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வாள்.

தகப்பன் பனிச்சங்கேணி வாவியில் இறால் பிடித்தவர். சண்டைக் காலத்தில் குடும்பம் ஊர் மாறி ஊர் மாறி இருந்தாலும் அவள் படிப்பை விடவில்லை. மட்டக்களப்பு நகரத்தில் நுண்கலை படித்து, சித்திர ஆசிரியையாக வேலை எடுத்தாள். விடுமுறை நாட்களில் சீமெந்தில் சிலை செய்தாள். கடற்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அதன் நிறுவுனரைச் செய்து கொடுத்துச் சில வருடங்கள்கூட ஆகவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது.

"ரீச்சர், பெரியவர்ர காது விழுந்திட்டு."

போய்ப் பார்த்தாள். உப்புக் காற்றில் உள்ளேயிருந்த கம்பி துருவேறி வீங்கி, சீமெந்தை வெடிக்க வைத்திருந்தது. காதை ஒட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது துறைமுகத்தில் ஓர் ஆழ்கடல் படகைக் கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள். படகைத் தள்ளும் விசிறியான அதன் வெண்கலப் புறொப்பெல்லர் வருடக்கணக்காகக் கடலுக்குள் சுழன்றிருந்தது. சுரண்டிய இடத்தில் விளிம்பு புதிதுபோல மின்னியது. இனிமேல் சீமெந்து இல்லை என்று அவள் அங்கே நின்றே முடிவெடுத்தாள்.

ஓட்டமாவடியில் படகுகளுக்குப் புறொப்பெல்லர் வார்க்கும் இல்ஹாமைத் தேடிப் போனாள். கட்டாரில் ஒரு வார்ப்பாலையில் வேலை செய்துவிட்டு வந்தவர் அவர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, உள்ளதைச் சொன்னார்.

"ரீச்சர், உருவம் வார்க்கிற வேலைய நான் செய்யமாட்டன். எங்கட மார்க்கத்தில அது இல்ல. ஆனா உங்களுக்கு ஒரு உலை கட்டித் தரலாம். உலோகம் உருக்கிற விதமும் காட்டித் தாறன். ஊத்துறது உங்கட கை."

"அது போதும் நானா. மற்றத நான் பாத்துக்கொள்றன்." முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதலில் வார்த்தது கணவன் ரதீஸின் தலை. ரதீஸ் பஸ் சாரதி, வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடுகிறவன். அவன் முகத்தை மெழுகில் செய்து, மெழுகைச் சுற்றிச் செங்கல் தூளும் பிளாஸ்டரும் குழைத்து அச்சுக் கட்டி, அச்சைச் சுட்டு மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய வெண்கலத்தை ஊற்றினாள். அச்சை உடைத்தபோது தலை இருந்தது, மூக்கு இல்லை. காற்று வெளியேற வழி வைக்காததால் உலோகம் மூக்குவரை போகவில்லை.

"பரவாயில்ல," என்றான் ரதீஸ். "கண்ணாடி போடேலாது, அவ்வளவுதான்."

அடுத்த முறை மூக்கு வந்தது, நெற்றி வெடித்தது. அதற்கும் அடுத்த முறை ரதீஸ் முழுமையாக வந்தான், கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பு உட்பட. அன்றைக்கு அவள் பட்டறை வாசலில் உட்கார்ந்து, கரி படிந்த கையாலேயே இரண்டு கோப்பை தேநீர் குடித்தாள். இது தன் வேலை என்பதில் அதன் பிறகு அவளுக்குச் சந்தேகம் வந்ததில்லை. ஆசிரியர் வேலையை விட்டாள்.

சிலை கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்றைத் திருத்தக் கேட்பார்கள். வழுக்கையை மறைக்க வேண்டும், பல்லை உள்ளே தள்ள வேண்டும். ஒரு சங்கத் தலைவரின் பிள்ளைகள் தகப்பனைக் கொஞ்சம் உயரமாகச் செய்யக் கேட்டார்கள். "அவரக் கூட்டேலா. பீடத்த வேணுமெண்டாக் கூட்டுங்க" என்றாள். அவர்கள் கோபித்துக்கொண்டு போய், இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார்கள்.

போன வருடம் நிலோஜன் வந்தான். பனிச்சங்கேணிப் பக்கத்து விளையாட்டுக் கழகத்தின் தலைவன், முப்பது வயதுக்குள். கையில் ஒரு பழைய கல்யாணப் படம். கோட்டும் கழுத்தில் ரையும் அணிந்த மாப்பிள்ளை கதிரையில் உட்கார்ந்திருந்தார். பார்த்தவுடனே கேதீஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. அப்போதிக்கரி வினாயகமூர்த்தி. டொக்டர்மார் நிலைக்காத காலத்தில், உதவி வைத்தியராக இருந்துகொண்டே ஊர் ஆஸ்பத்திரியைத் தனியாளாக நடத்தியவர். இறந்து சில வருடங்கள் ஆகின்றன.

"இப்படியே செய்யுங்க அக்கா. ஆனா நிண்டுகொண்டிருக்கிற மாதிரி."

"கால எப்படிச் செய்யுற தம்பி?"

"கால்தானே? ரெண்டும் ஒரே மாதிரித்தான்."

"அவருக்கு ஒரே மாதிரி இல்லையே."

நிலோஜன் படத்தைப் பார்த்தான். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் வினாயகமூர்த்தியின் இடது கால் சூம்பிப்போயிருந்தது. அவர் விந்தி விந்தித்தான் நடப்பார்.

"சனம் நொண்டி எண்டு சொல்ல நாங்க சிலை வைக்கல்ல அக்கா."

"அப்ப வேற ஆளப் பாருங்க. நான் அவரச் செய்தா அந்தக் காலோடதான் செய்வன்."

அவன் எழுந்து போகவில்லை. "அவர்ர மனிசி தன்னாமுனையில மகளோட இருக்கிறா. அவவிட்டக் கேப்பம். அவ சொல்றதுதான் முடிவு" என்றான். கேதீஸ்வரி உடனே சம்மதித்தாள். மனைவி உண்மையின் பக்கம்தான் நிற்பாள் என்று அவள் நம்பினாள்.

வினாயகமூர்த்தியின் மனைவி அன்னப்பூரணி அவர்களை உள்ளே கூப்பிட்டு இருத்தி, முழுவதையும் கேட்டாள். பிறகு கேதீஸ்வரியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"வேணாம் மகள். அவருக்கு அந்தக் கால் எண்டா வெக்கம். என்ன வெக்கையெண்டாலும் நீளக் காற்சட்டதான். படம் எடுக்க வந்தா கதிரையில இருந்துகொள்ளுவார். எனக்கே லேசில காட்டமாட்டார். செத்த பிறகு சந்தியில வச்சுக் காட்டுறதா?"

கேதீஸ்வரி விடைபெற்று எழும்பினாள். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் யன்னலோரம் இருந்து யோசித்துக்கொண்டே வந்தாள். பல்லை உள்ளே தள்ளச் சொன்னவர்கள் தங்களுக்காகக் கேட்டார்கள். அன்னப்பூரணி அவருக்காகக் கேட்கிறாள். அவர் மறைத்த ஒன்றைத் திறந்து வைக்கத் தனக்கு என்ன உரிமை? ஆனால் இரண்டு நல்ல காலோடு ஒருவரைச் செய்தால் அது வினாயகமூர்த்தி இல்லை, கோட்டுப் போட்ட யாரோ ஒருவர். இந்த வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

அப்போது வேறொன்று யோசனைக்கு வந்தது. அவர் மறைத்தார் என்றால், தனக்கு எப்படி அந்தக் கால் தெரியும்? கெண்டைச் சதையே இல்லாத காலும் உள்ளே வளைந்த பாதமும் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரிந்தன. அவள் அவற்றைப் பார்த்திருக்கிறாள். தண்ணீரில் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் களிமண்ணை எடுத்து ஒரு முழ உயரத்தில் சிறிய மாதிரி ஒன்றைச் செய்யத் தொடங்கினாள். அது காய்வதற்குள் தன்னாமுனைக்கு எடுத்துக்கொண்டு போனாள். நிலோஜனும் வந்தான்.

கோட் இல்லை, ரை இல்லை. சாரனைத் தொடைவரை மடித்துக் கட்டி, மருந்துப் பையைத் தலையில் ஒரு கையால் பிடித்து, மற்றக் கையை நிதானத்துக்கு விரித்தபடி வினாயகமூர்த்தி முன்னால் சாய்ந்து நடந்துகொண்டிருந்தார். உடம்பின் பாரம் முழுவதும் வலது காலில். சூம்பிய இடது கால் அடுத்த அடியைத் தேடிக்கொண்டிருந்தது.

அன்னப்பூரணி மாதிரியைக் கையில் எடுத்தாள். பெருவிரலால் அந்தக் காலைத் தடவினாள்.

"இப்படி நான் இவரக் கண்டதே இல்லையே. ஆர் கண்ட?"

"வாவிக்கு அக்கரையில எங்கட சனம் எல்லாரும் கண்டவங்க அம்மா. மாரியில தோணி ஓடாட்டி வாவிக்க இறங்கி நடந்து வருவார். நாங்க சின்னாக்கள் கரையில நிண்டு பாத்துக்கொண்டிருப்பம்."

"சனம் சிரிக்கல்லயா?"

"ஆரும் சிரிக்கல்ல. அவர் வந்தாத்தான் காய்ச்சல் போகும். அவர் எப்ப கரையேறுவார் எண்டுதான் பாப்பம்."

"அவர் மறைக்கல்லயா?"

"தண்ணிக்க மறைக்கல்ல அம்மா."

அன்னப்பூரணி மாதிரியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். நனைந்த கண்ணைத் துடைக்கவில்லை, அது தானாகக் காய்ந்தது. "எனக்குச் சொன்னதே தோணியில போய் வாறன் எண்டுதான்" என்றாள். பிறகு மாதிரியைக் கவனமாக மேசையில் வைத்தாள்.

"அப்ப இதையே செய் மகள். ஆனா சாரன் கசங்காமக் கிடக்கட்டும். அவர் கசங்கின சாரன் உடுக்கமாட்டார்."

"தண்ணிக்க இறங்கினாக் கசங்கும்தானே அம்மா?"

"அப்ப கொஞ்சமாக் கசக்கு."

வெளியே வந்ததும் நிலோஜன் கேட்டான், "என்ட அம்மாவும் அக்கரைதான். அவவும் கண்டிருப்பாவா?"

"கேட்டுப் பாருங்களன்."

அன்று பின்னேரமே அவன் அழைத்தான். "அக்கா, அம்மா சொல்றா, இடது கால்தானாம், மாறிச் செய்திடாதீங்களாம். நான் பிறந்து காய்ச்சலில கிடக்கக்குள்ளயும் அவர் அப்படித்தான் வந்தவராம்." அதன் பிறகு கழகத்தில் யாரும் கோட், ரை பற்றிப் பேசவில்லை.

ஆள் உயரச் சிலையை ஒரே வார்ப்பில் ஊற்றும் வசதி அவளிடம் இல்லை. துண்டு துண்டாக வார்த்து ஒட்டினாள். துறைமுகத்தில் கழித்துப்போட்ட புறொப்பெல்லர்களை இல்ஹாம் பார்த்துப் பொறுக்கி அனுப்பினார். இடது காலை முதலில் ஊற்றினாள். அது மெல்லிய கால், உலோகம் பாதிவழியில் உறைந்துபோகக்கூடிய கால். உருகிய உலோகம் இருந்த மூசையை ஒரே மூச்சில் சரித்தாள். அச்சை உடைத்தபோது பாதத்தின் விரல்கள்வரை உலோகம் நிறைந்திருந்தது. மூட்டுகளை ஒட்டி, அரத்தால் ராவி, சூடாக்கி மருந்து பூசிக் கபில நிறம் ஏற்றினாள். பாரம் முழுவதும் ஒரு காலில் நிற்பதால் நிலத்துக்குள் பதிக்கும் அடித்தளத்தை இல்ஹாமே கணித்து இரும்பில் செய்து கொடுத்தார். "உங்கட ஆள் புயலுக்கும் விழமாட்டார்" என்றார்.

பீடம் வேண்டாம் என்று அவள் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. முன்பு தோணி கட்டிய இடத்தில், வாவிக் கரையில், தரையோடு தரையாக வினாயகமூர்த்தியை நிறுத்தினார்கள். திறப்பு நாளில் அக்கரைச் சனம் குடும்பம் குடும்பமாக வந்தது. மாலை போடத்தான் அழைத்தார்கள். ஆனால் வயதான பெண்கள் நேரே போய்க் குனிந்து அந்த இடது காலைத் தொட்டார்கள். அன்னப்பூரணி ஒரு கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவராக அவளிடம் வந்து, அவர் தங்கள் வீட்டுக்கு வந்த நாளைச் சொன்னார்கள். அவளுக்கு அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. பொழுதுபட்ட பிறகும் எழும்ப மனமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த மாரி பலத்து வந்தது. ஒரு நாள் காலை நிலோஜன் பதறிப்போய் அழைத்தான்.

"அக்கா, வாவி பெருகிக் கரைக்கு மேலால வந்திட்டு. அவருக்கு முழங்கால் மட்டும் தண்ணி. என்ன செய்யுற? கழட்டி எடுப்பமா?"

"உடுங்க தம்பி," என்றாள் கேதீஸ்வரி. "அவருக்கு அது பழக்கம்."