டயரில் இருந்த நாலு நம்பர்

சிகாமட்டில் நடந்த ஒரு போட்டிக்காக என் சின்னக் காருக்குப் பந்தய டயர் தேடினேன். காலியான கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக வைத்த கூம்புகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். என்னைப் போன்ற பொழுதுபோக்கு ஓட்டுநர்களுக்கான போட்டி. பாலோவில் பழைய டயர் கடையொன்றில் நான்கு கிடைத்தன. கொஞ்சமும் தேயவில்லை. பக்கவாட்டில் 3114 என்று ஓர் எண்.

"நாலுலயும் ஒரே நம்பர்! எடுத்துப் பாக்கலாம் லா," என்றாள் மனைவி வனிதா. போகும் வழியில் நான்கு இலக்க லாட்டரிக் கடையில் நிறுத்தி அந்த எண்ணுக்குச் சீட்டு எடுத்தோம்.

போட்டியில் மூன்றாவது கூம்பில் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை. நேராக வழுக்கிக்கொண்டு வனிதா உட்கார்ந்திருந்த கூடாரத்தை நோக்கிப் போய், ஒரு முழம் முன்னால் நின்றது.

வண்டிகளைப் பரிசோதிக்கும் சிவா ஓடி வந்து டயரில் நகத்தை அழுத்தினார். பதியவே இல்லை.

"அலமாக், கல்லு மாதிரி இருக்குண்ணே! நம்பரப் பாக்கலியா?"

"பாத்தோமே, எடுத்தும் இருக்கோம்."

அவர் சிரிக்கவில்லை. "முப்பத்தோராவது வாரம், ரெண்டாயிரத்துப் பதினாலு. டயர் செஞ்ச தேதிண்ணே அது. தேயாட்டியும் பழசானா ரப்பர் இறுகிப்போயிடும்."

இப்போதெல்லாம் டயர் கடையில் மண்டியிட்டு முதலில் அந்த எண்ணைத்தான் படிக்கிறேன். போட்டி நடந்த அன்று மாலையே ஆவல் தாங்காமல், வனிதா பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் காரின் டயரையும் குனிந்து பார்த்தேன்.

0813.

அந்த நம்பரை நாங்கள் எடுக்கவில்லை. டயரைத்தான் கழற்றி எடுத்தோம், நான்கையும்.